ஆறு பேருக்கும் முகவரி உண்டு

சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவனுக்குப் பெயர் இருந்ததில்லை. சரக்குக் கிடங்கில் எல்லோருக்கும் அவன் கொக்கி. மூட்டையைக் குத்தி இழுப்பதற்கு மரப்பிடி போட்ட ஓர் இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள். காலை ஏழு மணிக்கு அது கையில் ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்கும். மூட்டை தூக்குகிற அத்தனை பேரிடமும் அது உண்டு. ஆனால் கோபம் வந்தால் அதைக் கீழே வைக்க மறந்துபோகிறவன் இவன் ஒருவன்தான். அதனால் பெயர் இவனுக்கு ஒட்டிக்கொண்டது.

அவனுக்குப் பதினேழு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே பேருந்து விபத்தில் போனார்கள். தம்பிக்கு அப்போது எட்டு வயது. கொக்கி பள்ளிக்கூடத்தை விட்டுக் கிடங்குக்கு வந்தான். தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளியில் விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போவான். தம்பியை யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், அவ்வளவுதான். ஒருமுறை லாரியில் வந்த கிளீனர் ஒருவன் விளையாட்டாகத் தம்பியின் தலையில் தட்டிவிட, கொக்கி அவனை எடைமேடை மேல் கிடத்தி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து தாடையை உடைத்தான். எடைமேடைக்காரர் ஓடி வந்து விலக்குவதற்கு முன் இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டுக் கிலோ என்று சீட்டு எழுதிவிட்டார் என்று கிடங்கில் ஒரு கதை உண்டு. கொக்கியும் அதைக் கேட்டுச் சிரிப்பான். தாடை உடைந்தவன் சிரித்திருக்க மாட்டான்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் கிடங்கில்தான் என்று சொல்ல வேண்டும். ஒருநாள் சர்க்கரை மூட்டை அடுக்கு சரிந்து ஒருவன் அடியில் மாட்டிக்கொண்டான். பதினெட்டு மூட்டை. கொக்கி ஒற்றை ஆளாக ஒவ்வொன்றாகக் குத்தி எறிந்து அவனை வெளியே இழுத்தான். முகமெல்லாம் சர்க்கரையும் ரத்தமுமாகக் கிடந்தவன் கண்ணைத் திறந்து, தனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். முதலில் மூச்சு விடு, பிறகு பார்க்கலாம் என்றான் கொக்கி. நான்கு மாதத்தில் அவன் மச்சான் ஆனான். ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற மச்சான், மாப்பிள்ளை.

மனைவி ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தாள். அச்சகத்திலிருந்து பதினாறு பக்கம் அச்சடித்த பெரிய தாள்கள் கட்டுக் கட்டாக வரும். ஒரு தாள் ஒரு பாரம். அதை மூன்று முறை மடித்து, அடுக்கி, முதுகில் நூல் கோத்துத் தைப்பது அவள் வேலை. இரண்டாயிரம் பிரதி என்றால் இரண்டாயிரம் தடவை அதே பதினாறு பக்கம் கைக்கு வரும். மடித்துக்கொண்டே படிப்பாள். அடுத்த பாரம் அச்சாகி வரும்வரை கதை அங்கேயே நிற்கும். சமையல் புத்தகம் வந்தபோது ஒரு வாரம் முழுக்க ஒரே குழம்பு வைத்தாள்.

அவர்களுக்குப் பத்து வருடம் நன்றாகவே போனது. பிறகு கிடங்கின் பெரிய மேஸ்திரி இறந்தார். அவருடைய மகனும் அவருடைய தம்பி மகனும் ஆளுக்கு ஆள் நான்தான் மேஸ்திரி என்று நின்றார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள். மேனேஜருக்கு யாரையும் பகைக்க மனமில்லை. கிழக்கு வாசல் ஒருவருக்கு, மேற்கு வாசல் இன்னொருவருக்கு என்று பிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று காலை யார் எந்த வாசலில் நின்றார்களோ அந்தக் கட்சி. கொக்கியும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த தம்பியும் கிழக்கில் நின்றிருந்தார்கள். மச்சான் ஒரு லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதற்காக மேற்கே போயிருந்தான். அந்த ஒரு தார்ப்பாய்தான் காரணம், வேறு பகை எதுவும் கிடையாது.

முதல் மாதத்தில் ஒரு டீ டம்ளர் ஒருவன் முகத்தில் உடைந்து இடது கண் போனது. அடுத்த மாதம் கிழக்கு ஆள் ஒருவனின் இரண்டு விரல்கள் ஷட்டருக்கடியில் நசுங்கின. ஷட்டரை யார் இறக்கினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கொக்கி பார்க்கவேண்டிய அவசியம் இருப்பதாக நினைக்கவில்லை. மேற்கே போய் முதலில் அகப்பட்டவனின் தோளில் கொக்கியைப் பாய்ச்சி, ஏழெட்டு அடி தூரம் மூட்டையைப் போலத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். மச்சான் குறுக்கே ஓடி வந்து அவன் கையைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தான். அன்று மாலை இரண்டு பேரும் டீக்கடையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அதுவரை அப்படி உட்கார்ந்ததில்லை.

அந்த நாட்களில்தான் பைண்டிங் கடைக்கு ஒரு தடித்த புத்தகம் வந்தது. பழைய பெரும்போர்க் கதையில் வருகிற வீரர்கள் ஒவ்வொருவரும் மனிதனுக்குள் இருக்கும் எதனுடைய அடையாளம் என்று விளக்குகிற புத்தகம். நாற்பது பாரம், ஐந்து மாத வேலை. சாப்பிடும்போது அவள் அன்றைய பாரத்தைச் சொல்வாள். கண் தெரியாத அரசன் பாசம் பிடித்த மனசாம். அவனுடைய நூறு பிள்ளைகளும் அந்த மனசின் ஆசைகளாம். அம்புப் படுக்கையில் கிடக்கிற கிழவர் தன் சபதத்துக்குள்ளேயே கட்டுண்டு போன அகங்காரமாம். ஆயுதம் எடுக்காமல் தேர் மட்டும் ஓட்டியவர் அறிவாம். தம்பி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், தானும் வண்டி ஓட்டுகிறவன்தான், தன்னிடம் அறிவு இருப்பதாக அண்ணன் ஒருநாளாவது ஒத்துக்கொண்டதுண்டா என்று கேட்டான். மேனேஜர் யார் என்று கொக்கி கேட்டதற்கு, கண் தெரியாத அரசனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததில் பிறகு அவளுக்கு நன்றாக நினைவில் நின்றது அதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நான்காம் கூடத்தில் கிழக்கு ஆட்கள் மூன்று பேர் உள்ளே இருக்கும்போதே மேற்குக்காரர்கள் ஆறு பேர் புகுந்து ஷட்டரை இறக்கிவிட்டார்கள். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. கொக்கி அப்போது தூரத்தில் எடைமேடை அருகில் இருந்தான். தம்பி பக்கத்தில் இருந்தான். அவன் யோசிக்கவில்லை. ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்பு முள்ளையும் ஷட்டருக்கடியில் செருகித் தூக்கினான். தகடு வளைந்து மேலேறியது. வண்டியோடு உள்ளே போய், அடிபட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நிறுத்தினான். மூன்று பேரும் வளைந்த ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே ஓடினார்கள். அவன் வண்டியைப் பின்னுக்கு எடுப்பதற்குள் மேற்கு மேஸ்திரியின் தங்கை புருஷன் தன் லாரியைப் பின்னோக்கி ஓட்டிவந்து வாசலை அடைத்து நிறுத்தினான்.

கொக்கி ஓடி வந்தான். லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்கூட இல்லை. கண்ணாடியைக் கொக்கியால் அடித்து நொறுக்கி, டிரைவரின் கழுத்துப்பட்டையில் குத்தி இழுத்தான். அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு கிடந்தான். காதில் பாதி கிழிந்து வந்த பிறகும் விடவில்லை. உள்ளே கட்டையும் இரும்பும் விழுகிற சத்தம் கேட்டது. தம்பி ஒருமுறைகூடக் கத்தவில்லை என்பதுதான் கொக்கியைப் பைத்தியமாக்கியது. கடைசியில் டிரைவரின் கைவிரல்களைக் கடித்துப் பிரித்து, அவனைத் தரையில் எறிந்துவிட்டு லாரியை முன்னே நகர்த்தினான். அதற்குப் பதினொரு நிமிடம் ஆனதாகப் பிறகு வெளியே இருந்த கேமராவில் தெரிந்தது.

உள்ளே ஆறு பேர் வட்டமாக நின்றார்கள். தம்பி கையிலிருந்த கட்டை முறிந்து, தள்ளுவண்டி ஒன்றைக் கவசம்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போராடியிருக்கிறான். வண்டி அவன் மேலேயே கவிழ்ந்து கிடந்தது. தலையின் பின்பக்கம் இல்லை. ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. கொக்கி அந்த ஆறு பேரை நோக்கிப் போகவில்லை. தள்ளுவண்டியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தம்பியை மடியில் எடுத்து, உடைந்த தலையைக் கையால் மூடிப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே வழிந்தது. மேற்கு மேஸ்திரியும் அவன் ஆட்கள் நான்கு பேரும் லாரி விலகிய வழியாக வெளியேறிப் போனார்கள். ஆறாவது ஆள் கடைசியாகப் போனான். போகும்முன் கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தரையில் வைத்தான். போடவில்லை, சத்தம் வராமல் குனிந்து வைத்தான். அவன் மச்சான்.

அன்று பின்மதியம் வீட்டில் அவள் அவனுடைய சட்டையைக் கழற்றி, கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நகக்கண்ணிலிருந்து ரத்தம் போகவில்லை. யார் யார் என்று கேட்டாள். ஐந்து பெயர் சொன்னான்.

"ஆறு பேருன்னு சொன்னாங்களே. ஆறாவது யாரு?"

அவன் ஓடுகிற தண்ணீரையே பார்த்தான். அவள் குழாயை மூடினாள்.

"எங்க அண்ணனா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மறுபடியும் குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கழுவத் தொடங்கினாள். வேகமாகத் தேய்த்ததில் நகம் பட்டு அவன் தோலைக் கிழித்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தம்பியை எரித்துவிட்டு வந்த அடுத்த வாரம் அவள் வேலைக்குப் போனாள். அச்சகத்திலிருந்து இருபத்திரண்டாம் பாரம் வந்திருந்தது. சக்கர வியூகம். உள்ளே நுழையத் தெரிந்து வெளியே வரத் தெரியாத இளைஞனை ஆறு பேர் சூழ்ந்து கொல்கிற இடம். இரண்டாயிரம் தடவை மடிக்க வேண்டும். மூன்றாம் நாள் அவள் முதலாளியிடம் போய் வேறு வேலை கேட்டாள். அவருக்கு விஷயம் தெரியாது. அட்டை ஒட்டுகிற வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, இந்தப் பாரத்தை முடித்துவிடம்மா என்றார். முடித்தாள். மை அப்பிக் கழித்துப் போட்ட தாள் ஒன்றை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கொக்கி தரையில் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக் காட்டினாள். வியூகத்தில் சிக்கியவன் ஆன்மாவாம். அவனைச் சூழ்ந்த ஆறு வீரர்களும் காமம், கோபம், பேராசை, மயக்கம், செருக்கு, பொறாமை என்கிற ஆறு உட்பகைகளாம். அவர்களை வெளியே தேடுகிறவன் அறியாதவனாம்.

"என் தம்பிய அடிச்ச ஆறு பேருக்கும் வீட்டு அட்ரஸ் இருக்கு," என்றான் அவன். "ஆறும் எனக்குத் தெரியும்."

"தெரியும். அதுல ஒண்ணு நான் பொறந்த வீடு."

பிறகு அந்தத் தாளை நான்காக, எட்டாகக் கிழித்தாள். உள்ளே இருக்கிறவனுக்கு ரத்தம் வராது, இதை எழுதியவர் தரையைத் துடைத்துப் பார்த்திருக்க மாட்டார் என்று சொன்னாள். அவள் அழுததை அவன் அன்றுதான் பார்த்தான்.

போலீஸ் ஆறு பேரையும் லாரி ஓட்டியவனையும் பிடித்தது. நாற்பது நாளில் ஆறு பேரும் ஜாமீனில் வந்தார்கள். தம்பி காப்பாற்றி அனுப்பிய மூன்று பேரும் உயிருக்குப் பயந்து, முதுகைக் காட்டி ஓடியதால் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூடத்துக்குள் கேமரா கிடையாது. மிச்சமிருந்த சாட்சி கொக்கி மட்டும்தான். அவன் பெயரில் ஏற்கெனவே நான்கு அடிதடி வழக்குகள். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

அன்று முதல் அவன் தினமும் கொக்கியை அரத்தால் ராவினான். சாதாரணமாக மூட்டைக் கொக்கியின் முனை கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கும், இல்லாவிட்டால் சாக்கு கிழியும். அவன் அதை ஊசியாக்கினான். அவள் சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். அரத்தின் சத்தத்துக்கு நடுவேதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். முப்பத்தொன்றாம் பாரம் வந்த வாரம் அவளாகவே ஆரம்பித்தாள். போர் முடிந்துவிட்டது, தூங்குகிறவர்களை ஒருவன் பாசறைக்குள் புகுந்து வெட்டுகிறான் என்றாள். அப்பனைப் பறிகொடுத்தவனாம். அவன் கணக்கில் அது நியாயம். பிறகு அவனும் எதிரியும் ஒரே மாதிரி அழிவாயுதத்தை ஒருவர் மேல் ஒருவர் விடுகிறார்கள். உலகம் பொறுக்காது, திருப்பி எடுங்கள் என்று முனிவர்கள் நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒருவனுக்குத் திருப்பி வாங்கத் தெரிகிறது. தூங்குகிறவர்களை வெட்டியவனுக்குத் தெரியவில்லை.

"விடத் தெரிஞ்சவங்க நெறைய பேரு. திருப்பி வாங்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் வீரன்னு போட்டிருக்கு."

அவன் ராவுவதை நிறுத்தவில்லை. அண்ணனைக் காப்பாற்றத்தானே இதைச் சொல்கிறாய் என்று கேட்டான்.

"போகாதீங்கன்னு சொல்லமாட்டேன். சொன்னா அண்ணனுக்காகச் சொல்றேன்னு உங்களுக்குத் தோணும், எனக்கும் தோணும். போங்கன்னும் சொல்ல வாய் வரல. புத்தகத்துல இருந்ததச் சொன்னேன், அவ்வளவுதான்."

ஜாமீனில் வந்தவர்கள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த ஒன்பதாவது நாள், மதியம் ஒன்றே கால் மணிக்கு, கொக்கி கழிவுத் தாள் வண்டிகள் வருகிற பின்வழியாகக் கிடங்குக்குள் நுழைந்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் மூட்டைகள் மேல் படுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கிடங்கு இரண்டாகப் பிரிவதற்கு முன்புவரை அவனும் அப்படித்தான் அங்கே படுப்பான். மேற்குக் கூடத்தில் தகரக் கூரை அனலாகக் காய்ந்தது. மேஸ்திரி கோதுமை மூட்டைகள் மேல் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நான்கு பேர். மச்சான் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக.

முதல் குத்து மேஸ்திரியின் தொடையில் இறங்கியது. எலும்பில் மோதியதை அவன் மணிக்கட்டு உணர்ந்தது. மூட்டையை இழுக்கிற அதே பழக்கத்தில் இழுத்தான். மேஸ்திரி அலறிக்கொண்டே அடுக்கிலிருந்து தரைக்கு வந்து விழுந்தான். தொடைச்சதை முழங்கால்வரை கிழிந்து தொங்கியது. பக்கத்தில் படுத்திருந்தவன் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தான். கொக்கி அவன் வயிற்றில் பாய்ச்சித் திருகினான். அவன் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல முன்னால் குனிந்தான். மூன்றாமவன் ஒரு பலகையால் கொக்கியின் முதுகில் அடித்தான். அவன் திரும்பி அந்தப் பலகையோடு சேர்த்து அவன் கையை உள்ளங்கை நடுவே துளைத்து, உதைத்துத் தள்ளினான். மற்ற இருவரும் மூட்டைகள் மேல் தடுக்கி விழுந்து வெளியே ஓடினார்கள். கோதுமை கிழிந்த சாக்குகளிலிருந்து கொட்டி, ரத்தத்தில் ஊறி, காலடியில் வழுக்கியது.

அந்த நேரத்தில் தனக்கு என்ன தோன்றியது என்பதைக் கொக்கி பல வருடம் கழித்து ஒருவரிடம் மட்டும் சொன்னான். அவளிடம். தம்பி நினைவு வரவே இல்லை என்று சொன்னான். அடிக்க அடிக்க உடம்பு லேசாகிக்கொண்டே போனது, பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி இருந்தது, இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று கண் தேடியது என்றான்.

கண் சுவரோரமாகப் போனது. மச்சான் எழுந்து உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு கடப்பாரை இருந்தது, அதையும் தொடவில்லை. கொக்கி வேகமாகப் போய் ஓங்கினான்.

"ஏழாவது அடி என்னோடது மாப்பிள்ளை," என்றான் மச்சான். "மொத்தம் இருபத்தி மூணு. ஏழாவது நான் அடிச்சேன். அதுக்கப்புறம் அவன் எழுந்திரிக்கல."

கொக்கி அப்போது கழுத்துக்கு வந்துவிட்டது. முனை தோலைக் கிழித்து உள்ளே போனது. மச்சான் கண்ணை மூடவில்லை. பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முடி என்கிற மாதிரி பார்த்தான். முழு வேகத்தில் வந்த கையைக் கொக்கி நிறுத்தினான். தோள்பட்டை பொத்தென்று பிசகியது, அந்தச் சத்தம் அவனுக்கே கேட்டது. முனை ஒரு விரல் ஆழத்தில் நின்றது. அதை நேராக, மெதுவாக, மேலும் கிழியாமல் வெளியே எடுத்தான். மூட்டையிலிருந்து சாக்கு கிழியாமல் கொக்கியை எடுக்கத் தெரிந்த கைதான் அது. ஆனால் வெளியே எடுக்கிற அந்த நேரம் உள்ளே பாய்ச்சிய நேரத்தைவிடப் பத்து மடங்கு நீளமாக இருந்தது.

அவன் கையை இறக்கியதும் பின்னாலிருந்து மேஸ்திரி, கிழிந்த காலை இழுத்துக்கொண்டு வந்து, கடப்பாரையால் அவன் வலது முழங்கையில் அடித்தான். எலும்பு வெளியே வந்தது. இரண்டாவது அடி ஓங்கியபோது மச்சான் கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டே இன்னொரு கையால் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் அந்தக் கோதுமையின் மேலேயே கிடக்கும்போது போலீஸ் வந்தது.

வயிற்றில் குத்துப்பட்டவன் எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். அவனுக்கு வயது முப்பத்தொன்று. தம்பியைக் கொன்ற ஆறு பேரில் ஒருவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிக் கொக்கிக்கு எதுவும் தெரியாது. நீதிமன்றத்தில் அவனுடைய அம்மா வந்து, கொக்கியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தன் வக்கீல் எவ்வளவோ சொல்லியும் கொக்கி தான் செய்ததை மறுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் தீர்ப்பானது.

தம்பி வழக்கில் மச்சான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். யார் எந்தக் கட்டையை எடுத்தார்கள், எத்தனையாவது அடி யாருடையது என்று வரிசையாக. தன்னுடையதையும் சேர்த்து. நீதிபதி நடுவில் ஒருமுறை, இறந்துபோனவனை உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தூக்கி வளர்த்த பிள்ளை மாதிரி என்று மச்சான் சொன்னான். பிறகு ஏன் அடித்தாய் என்றதற்கு, எல்லாரும் அடித்தார்கள், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்னைத் துரோகி என்பார்கள் என்று பயந்தேன் என்றான். அந்தப் பதிலைக் கேட்டபோது பார்வையாளர் பெஞ்சில் இருந்த அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். ஐந்து பேருக்கும் ஆயுள் தண்டனை. லாரியைக் குறுக்கே நிறுத்தியவனுக்கு ஏழு வருடம்.

எல்லோரும் ஒரே சிறையில்தான் இருந்தார்கள், வேறு வேறு கட்டடத்தில். அவள் மாதத்துக்கு ஒருமுறை வருவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் புருஷனோடு பத்து நிமிடம், பிறகு வரிசையில் நின்று அண்ணனோடு பத்து நிமிடம். அண்ணனிடம் போனபோதெல்லாம் பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். புத்தகம் வெளியாகி, முதலாளி அவளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தார். அதைக் கொக்கி கேட்டு வாங்கிப் படித்தான். இடது கையால் பக்கம் திருப்பிப் படிக்க ஒரு வருடம் ஆனது. உள்ளே ஆறு பேர் இருப்பதாக எழுதியது சரிதான், அன்றைக்கு ஆறு பேரும் எனக்குள் ஒன்றாக நின்றதை நான் பார்த்தேன் என்று அவளிடம் சொன்னான். வெளியே யாரும் இல்லை என்று எழுதினாரே, அந்த இடத்தில்தான் அவரை நான் நேரில் பார்க்க வேண்டும் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி போனபிறகு முதல் தடவை.

நான்காவது வருடம் ஒரு முற்பகல். சிறைச் சலவைக்கூடத்தில் மேஸ்திரியின் ஆள் ஒருவன், தீட்டிய தகரத் துண்டால் மச்சானின் விலாவில் எட்டு இடத்தில் குத்தினான். காட்டிக்கொடுத்ததற்காக. கொதிநீர்த் தொட்டி ஓரமாக மச்சான் உயிர் போய்க் கிடந்தான், ஈரத் துணிகளெல்லாம் சிவந்திருந்தன. காவலர் ஒருவர் கைதிகளை வரிசையாக நிறுத்தி, இவனுக்கு இங்கே சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் இருக்கேன்," என்றான் கொக்கி. "என் மச்சான்."

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அவன் தூக்கினான். வலது முழங்கை மடங்காது, அதனால் முன்பக்கம் நீட்டிய கையோடு சாய்ந்து சாய்ந்து நடந்தான். அந்த நீண்ட நடைபாதையில் இரண்டு முறை கீழே வைக்கவேண்டியிருந்தது. வேறு ஆளை விடவா என்று காவலர் கேட்டதற்கு வேண்டாம் என்றான். வெளி வாசலுக்கு முன் அறையில், அந்த மாதச் சந்திப்புக்கு வந்திருந்த அவள் நின்றிருந்தாள். விதிப்படி அவனை அங்கே விட்டிருக்கக் கூடாது, யாரோ கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், துணியை விலக்கிக் காயங்களை எண்ணினாள். பிறகு புருஷனின் கையைப் பார்த்து, சட்டைக்கையில் ரத்தம் என்றாள். மச்சானோடது என்றான். தெரியும் என்றாள். அவள் தன் முந்தானையோ கைக்குட்டையோ எதுவும் எடுக்கவில்லை, உள்ளங்கையாலேயே அதைத் துடைத்தாள்.

மச்சானின் மனைவி அந்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டாள். பதினான்கு வயது மகளை அவளுடைய அத்தையிடம், கொக்கியின் மனைவியிடம், விட்டுவிட்டுப் போனாள். நன்னடத்தைக்குக் கழித்தது போக ஒன்பது வருடத்தில் கொக்கி வெளியே வந்து வீடு சேர்ந்தபோது கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான். பத்தொன்பது வயது. பிசியோதெரபி படிக்கிறாள் என்று அவளுடைய அத்தை முன்பே சொல்லியிருந்தாள். அவனை உள்ளே விட்டாள், ஆனால் மாமா என்று கூப்பிடவில்லை. ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவாமல் தனியாக வைத்தாள். கொக்கி அதைத் தானே கழுவிக்கொண்டான். பைண்டிங் கடையில் அவனுக்கு இடது கையால் பசை தடவுகிற வேலை கிடைத்தது. பெயரும் அங்கே மாறியது. பசைக்காரர்.

ஒருநாள் மாலை அவன் டீயை இடது கையால் எடுத்துச் சிந்திக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவ நீங்க விட்டுட்டீங்க. ஏன்னு நான் கேக்கமாட்டேன். இன்னொருத்தர விடல. அதையும் கேக்கமாட்டேன். கையை நீட்டுங்க."

நீட்டினான். அவள் முழங்கையைப் பிடித்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்து, பத்து வருடமாக உறைந்து கிடந்த கையைப் பலம் கொண்ட மட்டும் மடக்கினாள். அவன் பல்லைக் கடித்தும் முடியாமல் கத்திவிட்டான். சமையலறையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தப் பெண் கையை விடவில்லை. முகத்தில் இரக்கமும் இல்லை, பழி தீர்க்கிற சந்தோஷமும் இல்லை. மனசுக்குள் இருபதுவரை எண்ணிவிட்டு விட்டாள்.

தினமும் இந்த நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும், கத்தினாலும் பரவாயில்லை, ஆனால் கையை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னாள். சரி என்றான். இப்போது எட்டு மாதமாகிறது. கை வாய்வரை வந்துவிட்டது. தோள்வரை வருமா என்று கேட்டால், பார்க்கலாம் மாமா என்கிறாள்.